நந்தனப்ரியா

மயிலாப்பூர் சபா அலுவலகத்தில் செயலாளர் ராமானுஜம் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"என்ன ஜலஜா இது? கோட்டு போட்டுண்டு ஒருத்தன் துப்பாக்கியோட சுவர் ஓரமா பதுங்கிப் போற மாதிரின்னா இருக்கு! பதினெட்டு வருஷம் கழிச்சு நீ பாடற ஆல்பம், உளவாளிப் படத்து டைட்டில் மியூசிக்கா? நம்ம ஹால்ல இதை வெளியிட முடியாதும்மா."

இசையமைத்த சுஹாஸின் முகம் வாடியது. "வேற எந்த ஹால்லயும் தேதி இல்லையே மேடம்" என்று முணுமுணுத்தான்.

ஜலஜா அசரவில்லை. "ராகத்தைக் கவனிச்சேளா சார்? நந்தனப்ரியா."

ராமானுஜத்தின் முதுகு நிமிர்ந்தது. ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டு, கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார்.

"அதானே பார்த்தேன்! எடுத்த எடுப்புலேயே சந்தேகம் வந்தது. எங்க தாத்தா பாடிக் கேட்டது. இப்போ யார் இதைத் தொடறா? ஞாயித்துக்கிழமை ஹால் உனக்குத்தான்."

வெளியே ஆட்டோவில் ஏறியதும் சுஹாஸ் கேட்டான். "மேடம், நான் சும்மா கிட்டார்ல போட்ட மெட்டு அது. அப்படி ஒரு ராகம் இருக்கா என்ன?"

"யாருக்குத் தெரியும்? வரும்போது நந்தனம் சிக்னல்ல அரை மணி நேரம் நின்னோமே, அந்தப் பேர்தான் வாயில வந்தது."

போன் அடித்தது. ராமானுஜம்தான்.

"ஒண்ணு சொல்ல மறந்துட்டேன் ஜலஜா. நந்தனப்ரியாவுல இறங்கும்போது நிஷாத ஸ்வரம் வராது. நீ பாடியிருக்கே. ஞாயித்துக்கிழமைக்குள்ள திருத்திண்டு வா."