பழுப்புக் கிண்ணத்தின் ஆசை

ஜப்பானில் ஒரு வீட்டின் கண்ணாடி அலமாரிக்குள் இரண்டு பழங்காலப் பீங்கான் கிண்ணங்கள் இருந்தன. ஒரு காலத்தில் தேநீர் விருந்துகளில் பதார்த்தம் பரிமாறிய கிண்ணங்கள் அவை. மதிப்பு ஏறிப்போனதால் இப்போது யாரும் அவற்றைத் தொடுவதில்லை.

சாறோடு ஆவி பறக்கும் வெந்த முள்ளங்கியைச் சுமந்துகொண்டு கைக்குக் கை மாறிப் போன சுகத்தைப் பழுப்புக் கிண்ணத்தால் மறக்க முடியவில்லை. அதற்காகவே ஏங்கிக் கிடந்தது.

"உன் உடம்புல விரிசல் இருக்கு. சூடு பட்டா தாங்க மாட்டே. பேசாம இங்கேயே பத்திரமா இரு, தம்பி," என்றது நீலக் கிண்ணம்.

"பத்திரமா இருந்து என்ன பண்ணப் போறோம் அண்ணே?"

ஒரு பனிக்காலத்தில் வீட்டுக்காரரின் பால்ய சிநேகிதர் குளிரில் நடுங்கிக்கொண்டே வந்து சேர்ந்தார். வீட்டுக்காரர் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் மறந்து அலமாரியைத் திறந்தார். நீலக் கிண்ணம் மூச்சு விடாமல் நின்றது. "என்னை எடுங்க" என்று பழுப்புக் கிண்ணம் மனதுக்குள் கத்தியது. அவர் அதைத்தான் எடுத்தார்.

முள்ளங்கியும் சாறும் கொதிக்கக் கொதிக்க உள்ளே விழுந்ததும் விரிசல் சுருக்கென்று நீண்டது. ஆனால் விறைத்துப்போன இரண்டு கைகள் கிண்ணத்தை அணைத்துக்கொண்டன. அந்த விரல்கள் மெல்ல மெல்ல இளகுவதை அது உணர்ந்தது.

"ஐயோ, கசியுதே!" என்று சிநேகிதர் பதறினார்.

"கசியட்டும். நீ சாப்பிடு," என்றார் வீட்டுக்காரர்.

வெந்நீரில் கழுவித் துடைத்து, கிண்ணத்தை மறுபடி அலமாரியில் வைத்தார்கள். இனி அதில் எதுவும் நிற்காது. அண்ணன் திட்டப்போகிறது என்று அது காத்திருந்தது.

நீலக் கிண்ணம் மெதுவாகச் சொன்னது:

"சூடு இன்னும் ஆறலையே தம்பி. கொஞ்சம் என் மேல சாஞ்சுக்கோயேன்."