தனிக் கோப்பை

“அவர் டீ குடிக்கிற கப்பு எங்க சார் இருக்கு?”

பேருந்துப் பணிமனை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் அந்த அம்மாள் கேட்ட முதல் கேள்வி இதுதான். கணவர் போய்ச் சேர்ந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவருடைய செருப்பு, சாப்பாட்டு டப்பா, மழைக்கோட்டு எல்லாவற்றையும் தலைமை எழுத்தர் மேசைமேல் எடுத்து வைத்திருந்தார். அவள் அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை.

பேருந்து கழுவுகிற வேலை அவருக்கு. அவருக்குப் பதிலாக இப்போது மகளுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள். படித்த பெண் என்பதால் அலுவலகத்துக்குள்ளேயே நாற்காலி, திங்கட்கிழமை சேர வேண்டும். அந்த வீட்டுக்கு இனி அவள் சம்பளம்தான் கதி.

“ஆபீஸ்ல எனக்குன்னு தனி கப்பு, வேற யாரும் அதைத் தொட மாட்டாங்கன்னு வீட்ல பெருமையா சொல்லுவாரு, சார். சொன்ன அன்னைக்கெல்லாம் அவருக்கு சாப்பாடு மட்டும் இறங்காது.”

தனி கப்பு என்பது பொய்யில்லையே. மற்றவர்களின் கோப்பைகள் அலமாரியில் ஒன்றாகக் கவிழ்ந்திருக்கும், இது மட்டும் கழிவறை ஜன்னலில் இருக்கும். அவள் கணவரே எடுத்துவந்து நீட்ட வேண்டும், டீக்காரர் கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார்.

வேலைதான் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். கூடவே பேருந்து கழுவிய மற்ற இருவரும் அலமாரிக் கோப்பையில்தான் குடித்தார்கள். இவர் பிறந்த தெரு வேறு, அவ்வளவுதான் விஷயம். பேருந்துக்குள் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் கேட்காத மகானுபாவர்கள், டீ என்றதும் மட்டும் தெருவைப் பார்த்தார்கள்.

அந்த அவமானத்தைத்தான் பாவி மனிதர் பெருமை என்று வீட்டில் மாற்றிச் சொல்லியிருக்கிறார். தலைமை எழுத்தரே எழுந்து போய்க் கோப்பையை எடுத்துவந்தார். இத்தனை வருடத்தில் அவர் அதைத் தொடுவது அதுதான் முதல் தடவை.

இவளுக்கு எதுவும் தெரியாமலே போகட்டும் என்று அவருக்குள் ஒரு நிம்மதி. “அவர்மேல எங்க எல்லாருக்கும் அவ்வளவு பிரியம்மா” என்று சமாளித்தார். “அவர் ஞாபகமா நீங்களே வச்சுக்கோங்க.”

அவள் கோப்பையை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வாசல்வரை போனாள். அங்கே நின்று திரும்பினாள்.

“ஞாபகத்துக்கு இல்லீங்க சார். திங்கக்கிழமை எம் பொண்ணு வர்றா, அவ கையிலயும் இதையே குடுத்துடுவீங்களோன்னு பயம்.”