முப்பத்திரண்டாவது கூடை

ஊமைப் படத்துக்கு இசை எழுதும்போது ஒகுமுரா எல்லாவற்றையும் எண்ணிக்கொள்வார். இந்தப் பழைய படத்தில், ஜப்பானின் மோஜி துறைமுகத்தில் பலகையேறிக் கப்பலில் கரி கொட்டும் பெண்கள் முப்பத்தொரு பேர். கூடைக்கு ஒரு மேள அடி.

காலையில் பத்திரிகைக்காரியிடம், தன் அம்மா பியானோ டீச்சர் என்று சொல்லியிருந்தார்.

மதிய ஒத்திகையில் மேளக்காரர் தசாகி கையை நிறுத்தினார். "அண்ணே, ஒரு அடி கொறையுது. நீங்களே கோட்டை விட்டா எப்படி?"

மறுபடி ஓட்டினார்கள். முப்பத்திரண்டு. கடைசியாக ஏறியவள் செத்துப்போன அவருடைய அம்மா. படம் எடுத்துப் பத்து வருஷம் கழித்துப் பிறந்தவள்; அதே துறைமுகத்தில் கரி சுமந்து அவரைப் படிக்க வைத்தவள்.

"யாரு அந்தம்மா, உங்களையே பாக்குது? தெரிஞ்சவங்களா?"

"தெரியாதுப்பா."

திரையில் அவள் கூடையை இறக்கினாள். அவர் சிறுவனாக இருந்தபோது பள்ளி வாசலில் செய்தது போலவே, கரி படிந்த கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.