ஆறு நான்குகள்

அந்த வங்கியில் கேஷியர் அக்காவின் கண்ணுக்குத் தப்பிய நோட்டே கிடையாது. புதுக் கட்டைக் கட்டைவிரலால் ஒருமுறை விசிறினால் போதும், அபூர்வ எண் எங்கே என்று சொல்லிவிடுவாள். ஈடாகத் தன் பணத்தை வைத்துவிட்டு, எண் சேகரிக்கும் கணவருக்கு அந்த நோட்டை எடுத்துப்போவாள். ஒரே இலக்கம் ஆறு முறை வரும் நோட்டுகளில் ஆறு நான்குகள் உள்ளது மட்டும் அவரிடம் இல்லை. பதினெட்டு வருடமாகத் தேடுகிறார்கள்.

அன்று காலை, சீல் பிரியாத கட்டுக்குள் அது இருந்தது. மற்ற எண்களெல்லாம் ஏழு லட்சத்தில் வரிசையாக ஓட, நடுவில் 444444. அதை எடுத்த பிறகும் கட்டில் சரியாக நூறு நோட்டு. அக்கா நேரே மேனேஜரிடம் போனாள்.

அவர் மெஷினில் விட்டுப் பார்த்தார். நல்ல நோட்டுதான்.

"வேற யாரா இருந்தாலும் சத்தமில்லாம பையில போட்டிருப்பாங்க. உங்க பணத்தை வச்சுட்டு நீங்களே எடுத்துக்கங்க" என்றார்.

மாலையில் கணவர் அதை ஜன்னல் வெயிலில் பிடித்து, தாளுக்குள் மறைந்திருக்கும் முகத்தைப் பார்த்தார்.

"ஏய், இது நீதானே?"

அக்கா எட்டிப் பார்த்தாள். புருவத்துத் தழும்பு உட்பட அவளேதான். தலை மட்டும் முழுக்க நரைத்திருந்தது.

"நரைச்சாலும் நீ அழகுதான்டி" என்றார் அவர், நோட்டைக் கீழே இறக்காமலே.