எண்ணப்பட்ட கை

பேச வாய்ப்புக் கேட்டு ஜெயரூபி கையைத் தூக்கி அரை மணி நேரம் ஆகியிருந்தது. இத்தாலிய இயக்குநர் ஒருவரின் கௌபாய் படங்களில் எது சிறந்தது என்று திரைப்படச் சங்கத்தில் காலையிலிருந்து விவாதம். இருபத்து மூன்று பேரில் அவள் ஒருத்திதான் பெண். கல்லறைச் சண்டை வரும் படமல்ல, ரயில் வரும் படம்தான் சிறந்தது என்று சொல்வதற்கு இரண்டு வாரமாக எழுதித் திருத்தி மனப்பாடம் செய்து வந்திருந்தாள்.

“கல்லறையில மூணு பேரும் முறைச்சுக்கிட்டு நிக்கானுவளே, அதுக்கு ஈடு உண்டாவே?” என்றார் தலைவர் அருமைநாயகம்.

“அவ்வளவு நேரம் முறைச்சா நம்மூர்ல வெட்டே விழுந்திருக்கும்!” என்றார் ரயில் கட்சிக்காரர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

“சார்,” என்றாள் ஜெயரூபி.

“இரும்மா, பேசிக்கிட்டிருக்கோம்லா,” என்றார் தலைவர், திரும்பாமலே.

தோள் கடுத்தது. இடக்கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள்.

“சரி, ஓட்டுக்கு விட்டிருவோம். கல்லறைப் படத்துக்கு யாரெல்லாம்? கையைத் தூக்குங்க.”

ஓட்டுக்கு முன்பே, பேசுவதற்காக அவள் தூக்கிய கை அது. இவர்களுக்காக ஏன் இறக்க வேண்டும்? கோபத்தில் காது சுட்டது. தலைவரின் பேனா வரிசையாக எண்ணிக்கொண்டு வந்து அவள் மீது நின்றது.

“பாப்பாவும் நம்ம பக்கம்தான்! பன்னிரண்டு. ஒத்த ஓட்டுல ஜெயிச்சாச்சு!”

கைதட்டினார்கள். நாற்காலிகளைத் தள்ளிவிட்டுச் சாப்பாட்டுக்கு எழுந்தார்கள்.

“எண்ணியாச்சும்மா, கையை இறக்கு,” என்றார் தலைவர்.

அவள் இறக்கவில்லை. எல்லோரையும் முந்திக்கொண்டு வாசலுக்குப் போனாள். வலக்கை உயர்ந்தபடியே இருக்க, இடக்கையால் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு அவர்கள் பக்கம் திரும்பினாள்.