ஏரியோடு மேடேறும் வீடு

புதிதாகக் கட்டினால்தான் சுற்றுச்சூழல் ஆய்வு, பழையதை விரிவாக்கினால் வேண்டாம் என்று சட்டம் வந்து முப்பது வருடம் ஆகியிருந்தது. அந்தச் சலுகையில் அரசு விரிவாக்கிக்கொண்டே போக, குடிநீர் ஏரியின் தண்ணீர் ஆண்டுதோறும் கரைமேட்டில் பத்தடி ஏறியது. கரையில் குடியிருந்த தமயந்தியும் சளைக்கவில்லை. கீழே ஓர் அறை தண்ணீருக்குள் போனால், மேட்டுப் பக்கம் ஓர் அறையைக் கட்டிச் சேர்த்துவிடுவாள்.

இந்த வருடம் கட்டிய மேட்டறையை இடிக்கும் உத்தரவோடு நில அளவையர் இர்ஃபான் வந்து நின்றார்.

"ஆய்வு இல்லாம மேட்டுல புது வீடு கட்டியிருக்கீங்களே அக்கா?"

"எது தம்பி புதுசு? உங்க ஏரி புதுசா?"

"அது பழைய ஏரிக்கா. விரிவாக்கம்தான்."

"இதுவும் அதே பன்னெண்டாம் நம்பர் வீடுதான். நானும் விரிவாக்கம்தான் பண்றேன். சட்டத்துல ஏரிக்கு மட்டும்னு போட்டிருக்கா, பாருங்க."

இர்ஃபான் கைக்கருவியில் சட்டத்தை இரண்டு முறை படித்தார். அப்படிப் போட்டிருக்கவில்லை. சிரித்துக்கொண்டே உத்தரவை அழித்தார்.

"சரிக்கா, விரிவாக்கம்னே எழுதிக்கிறேன். முன்வாசலைப் படம் எடுக்கணும். எங்க இருக்கு?"

தமயந்தி ஏரியின் நடுப்பக்கமாகக் கை காட்டினாள்.

"அதோ, அந்த வாத்து நீந்துற இடத்துக்கு நேர் கீழே. உங்களுக்கு நீச்சல் தெரியுமா தம்பி?"