திரையில் தெரியாத வரி

"பாஸ்வேர்டு கேக்குதும்மா" என்றார் மேனேஜர். ஒன்றரை வருஷம் கழித்துப் போன் செய்கிறார், அதில் 'ம்மா' வேறு.

கேட்காமல் என்ன செய்யும்?

நான் வேலை பார்த்த பெயிண்ட் கிடங்கின் டேட்டாபேஸ் வேறொரு ஊரில், ஃபயர்வாலுக்கு உள்ளே இருக்கிறது. வெளியிலிருந்து அதற்குள் போக நான் போட்ட ஒரே ஒரு பாதுகாப்பான இணைப்புதான் வழி. அதைத் திறக்கும் சாவி ஒரு ஃபைல். கடைசி நாளில் அதைப் புதிதாகச் செய்து, பாஸ்வேர்டை ஒரு தடவை நானே தட்டிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு கிடங்கில் இருக்கும் அந்தக் கம்ப்யூட்டரை யாரும் அணைக்கவே இல்லை. இன்று காலையில் கரண்ட் போய் வந்திருக்கிறது.

வாசலில் பதினான்கு லாரி நிற்கிறதாம். எந்த டின் எந்த லாரியில் ஏறவேண்டும் என்று ஒருவருக்கும் தெரியவில்லையாம். முதலாளியம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாராம்.

ரொம்ப நல்லது.

ஆர்டர்கள் அழிந்த அன்று எனக்கு நிறைமாதம். மத்தியானம் வலி வந்ததும் இணைப்பை மூடாமல் அப்படியே ஓடிவிட்டேன். அது என் தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என் நாற்காலியில் உட்கார்ந்து, பழைய ஆர்டர்களைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று மொத்த ஆர்டரையும் அழித்தது இந்த மனுஷன். அங்கே இருந்த ஆறு பேரும் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்திதான் பிறகு போனில் அழுதுகொண்டே சொன்னாள்.

வலியில் எதையோ தட்டிவிட்டுப் போயிருக்கிறாள் என்று முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டார். பதிவில் என் பெயர்தானே இருந்தது. மூன்றாம் வாரம் கூப்பிட்டு வேலைநீக்கக் கடிதம் கொடுத்தார்கள். சாவியைப் புதிதாகச் செய்துவைத்துவிட்டுப் போகச் சொன்னார்கள், அதுதான் என் கடைசி நாள். அதற்குப் பிறகு எங்கே வேலை கேட்டாலும் இந்தக் கிடங்குக்கு ஒரு போன் போட்டு விசாரிக்கிறார்கள், அத்தோடு சரி.

ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். பாஸ்வேர்டு ஒரு முழு வரி, தட்டும்போது திரையில் ஒரு புள்ளிகூட விழாது, மூன்று தடவைதான் கேட்கும். அதனால் ஒவ்வொரு வார்த்தையாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே தட்டுங்கள் என்றேன்.

'அன்னைக்கு' என்றேன். சொல்லித் தட்டினார்.

'ஆர்டரை.' தட்டினார்.

'அழிச்சது.' அவர் குரல் இறங்கிப்போனது.

'நான்தான்' என்றேன்.

கீபோர்டு சத்தம் நின்றது. என்னம்மா விளையாட்டு இது என்று கத்தியிருக்கலாம். பொய் என்றாவது சொல்லியிருக்கலாம். தூரத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" முதலாளியம்மா கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

'நான்தான்' என்று முனகிக்கொண்டே தட்டினார்.

தப்பு என்று வந்ததாம். இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாக என்றேன். முழு வரியையும் சொன்னார். அந்த ஆறு பேரும் அங்கேதான் இருந்திருப்பார்கள். மறுபடியும் தப்பு.

ஒன்றரை வருஷமாக எரிந்த வயிறு அப்போதுதான் குளிர்ந்தது. பொய் சொல்வானேன், மூன்றாவது தடவையும் சொல்ல வைக்க ஆசையாகத்தான் இருந்தது.

அந்த வரி பாஸ்வேர்டே இல்லை என்று சொன்னேன். போனை முதலாளியம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

பாஸ்வேர்டு வெறும் எண்கள்தான் மேடம், உங்களிடமே இருக்கிறது என்றேன். என் வேலைநீக்கக் கடிதத்தின் நகலை எடுத்து, முதலாளியம்மாவின் கையெழுத்துக்கு மேலே, ஆர்டர்கள் அழிக்கப்பட்டதாகப் போட்டிருக்கிற தேதியையும் நேரத்தையும் அப்படியே தட்டச் சொன்னேன்.

கடிதத்தைத் தேடி எடுத்தார்கள். அவர் ஒவ்வொரு எண்ணாகப் படித்தார், யாரோ தட்டினார்கள். திறந்துவிட்டது.

அவர் போனை வைக்கவில்லை. அந்தத் தேதியை இன்னொரு தடவை, மெதுவாகத் தனக்குள்ளேயே படித்தார். பிறகு நேரத்தைப் படித்தார். மாலை ஐந்து நாற்பது.

"ஆமாம் மேடம்" என்றேன். "அப்போ என் பொண்ணு பொறந்து இருபது நிமிஷம் ஆயிருந்தது."